கெடுதல் ஒண்ணும் இல்லையே

ஏற்காடு
12.9.2023

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் இந்த மழைக்கு மடங்க மாட்டேன் என்கிறது. உங்கள் சுகத்தையும் மடத்தில் உள்ள எல்லாச் சகோதரிகளின் சுகத்தையும் அறிய ஆவல். மற்றவர்களுக்கெல்லாம் போனில் ஒரு வரி தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். வெளியே வரக்கூடாத அடைப்பு மடத்தில் உங்கள் கைக்குப் போன் வராது என்பதால் உங்களுக்கு மட்டும்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அதனாலேயே எல்லாவற்றையும் உங்களிடம் கொட்ட வேண்டியிருக்கிறது.

நான் நர்ஸ் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒரு புதுமை. மருந்துப் பெட்டிகள் கிடந்த பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்து, ஹோமியோபதி டாக்டர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார் நம் டாக்டர் ஜோஸ்வா. பெயர் பிரவீன். சின்ன வயது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். வாசலில் ‘இரண்டு மருத்துவமும் ஒரே இடத்தில்’ என்று புதுப் பலகை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “மருந்து சாப்பிடற வரைக்கும் காபி குடிக்கக் கூடாதுங்க” என்கிறார். காபித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு அந்த வாரத்தோடு போயிற்று. டாக்டர் வரவேற்பு மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது. “எஸ்டேட் ஆளுங்க வந்து அசதி, மேலு வலி, வயித்து உப்பசம்னா எங்கிட்ட அனுப்பாத. பின்ரூமுக்கு அனுப்பிரு. அவரு இல்லாத நாளா இருந்தா செவ்வாக்கெழமை வரச் சொல்லு. ரிசார்ட் ஆளுங்க காத்துட்டு நிக்கக் கூடாது.”

“பாக்காமயே அனுப்பறதுங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“வெறும் சக்கரை உருண்டை, செல்வி. கெடுதல் ஒண்ணும் இல்லையே” என்றார்.

அவருக்கே அந்த மருந்தில் நம்பிக்கை இல்லை, அக்கா. நம்பிக் கொடுத்தால்கூட நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். எஸ்டேட் ஜனங்கள் உட்கார்ந்து எழுந்த பெஞ்சுக்கு வாசனை ஸ்பிரே அடிக்கச் சொல்கிறார். அம்மா கடைசியாகக் கிடந்தபோது குடை பிடித்துக்கொண்டு நம் வீட்டுக்கே நடந்து வந்த மனிதர் இவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாயில் ஏதோ கெட்டுப்போனதை மென்றது போல இருக்கிறது.

அப்பா உங்களுக்கு ஆசீர் சொல்கிறார். மன்றாட்டில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
செல்வமேரி


திருச்சி
8.10.2023

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கை செல்விக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லாரும் நலம். அப்பாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு. நீயும் வேளைக்குச் சாப்பிடு. உன் கடிதத்தைப் படிக்கும்போது நீ சாப்பிடாமலே எழுதியது போல இருந்தது.

டாக்டரிடம் கோபம் வளர்க்காதே. அவருக்கும் வயதாகிறது, அலுப்பு இருக்கும். சின்ன உருண்டைகளை நீ அவ்வளவு இளப்பமாகப் பேசவும் வேண்டாம். மடத்துக்கு அரிசி கொடுக்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்கும் அவற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மருத்துவம் படித்தவர் இல்லை, புத்தகம் பார்த்துப் பழகியவர். எனக்கு வயிறு கொஞ்சம் மந்தமாக இருந்ததற்கு ஒரு குப்பி கொடுத்தார். பார்வையாளர் அறைக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பொறுமையாகக் கேட்டார் தெரியுமா? மனிதர்களுக்குக் கேட்கிற காது ஒன்று கிடைத்தாலே பாதி நோய் தீரும்.

உன் பின்னறைக்கு வருகிறவர்களுக்கும் அப்படி ஒரு காது கிடைக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
லூர்துமேரி


ஏற்காடு
5.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். அப்பா நலம். எனக்குத் தடுமல் பிடித்து விட்டது. உங்கள் வயிற்று மந்தம் சரியாயிற்றா?

கேட்கிற காது பற்றி எழுதியிருந்தீர்கள். பிரவீனுக்கு அது உண்டு, மறுக்கவில்லை. தலைச்சோலையிலிருந்து கண்ணாயி என்று ஓர் அம்மாள் வருகிறாள். காபிப் பழம் பறிக்கிறவள். கணவர் இல்லை, கவிப்பிரியா என்று ஒரே மகள், சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். பின்னறையில் கண்ணாயியிடம் என்ன கனவு வரும், உப்புப் பிடிக்குமா இனிப்புப் பிடிக்குமா, இடி இடித்தால் பயமா என்றெல்லாம் கேட்கிறார். வெளியே வந்தவள் முகமெல்லாம் சிரிப்பு. “ஏனுங்க சிஸ்டர், இத்தன வருசத்துல என்னய ஒருத்தரும் இத்தன கேட்டதில்லைங்க” என்றாள்.

எல்லாம் கேட்டாயிற்று. வயிற்றைத்தான் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்கிற பழப் பையின் கயிறு இந்தப் பறிப்புக்கு எட்டவில்லையாம். “ரெண்டு வாய் திங்கறதுக்குள்ள நெறஞ்சு போயிருதுங்க. ஆனா மேலு பூரா எளைச்சுப் போச்சுங்க, பாருங்க” என்று வளையலை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். ஊசி போடுகிற கட்டிலில் படுக்க வைத்து நான் தொட்டுப் பார்த்தேன். அடிவயிறு கல் மாதிரி இருந்தது, அக்கா.

நேரே டாக்டரிடம் போனேன். ரிசார்ட் மேனேஜர் ஒருவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். “டாக்டர், அந்தம்மா வவுறு கல்லாட்டம் இருக்குதுங்க. ஒருக்கா வந்து பாருங்க” என்றேன்.

“வாயுவா இருக்கும், செல்வி. பின்ரூம்ல பாக்கறாங்கல்ல?” எழுந்திருக்கவில்லை. எதிரே இருந்தவரைப் பார்த்து, “இவங்க எல்லாத்துக்கும் பதறுவாங்க” என்றார். அந்த ஆளும் சிரித்தான்.

அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை சுத்தமான நகங்கள். பத்தடி நடந்து வந்து ஒரு வயிற்றைத் தொட அவற்றால் முடியவில்லை.

கண்ணாயியிடம், என் அக்கா ஒரு துறவி, உனக்காக மன்றாடுவார் என்று சொல்லியிருக்கிறேன். “எனக்காகவாங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

உங்கள்,
செல்வமேரி


திருச்சி
26.11.2023

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நலம். திருவருகைக் காலம் தொடங்குவதால் கிறிஸ்து பிறப்பு வரை எழுத இயலாது. அதற்கு முன் அந்தக் கண்ணாயி அம்மாளைப் பற்றிச் சில கேட்க வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் தெளிவாக மன்றாடலாம்.

அந்தக் கல் போன்றது வலது பக்கமா, நடுவிலா? அழுத்தினால் வலிக்கிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? மாதவிலக்கு நின்றுவிட்டதா, நின்ற பிறகு மறுபடி பட்டதா? இது எவ்வளவு நாளில் வளரும்? இது என்னவாக இருக்கும் என்று உன் மனதில் நினைக்கிறாய்? நீ நர்ஸ், உனக்குத் தெரியாமல் இருக்காது.

அப்பாவுக்கு என் முத்தங்கள்.

லூர்துமேரி


ஏற்காடு
20.12.2023

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நானும் அப்பாவும் உடம்புக்கு நலம். மனசுக்கு இல்லை.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில்: நடுவிலிருந்து வலப்பக்கமாக. அழுத்தினால் வலி இல்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. விலக்கு நின்று, பிறகு இரண்டு முறை பட்டிருக்கிறது. சூலகத்தில் கட்டி. இப்போது நான் நினைப்பதை எழுதவில்லை. ஸ்கேனில் வந்ததை எழுதுகிறேன்.

பிரவீன்தான் ஒரு வெள்ளிக்கிழமை என்னைத் தனியே கூப்பிட்டார். “அந்தம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கணுமுங்க சிஸ்டர். டாக்டருகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். ‘உங்க ரூம நீங்க பாருங்க, ஸ்கேன நான் பாத்துக்கறேன்’ங்கறாரு.”

“தெரிஞ்சும் எதுக்கு உருண்டை கொடுத்துட்டு இருக்கறீங்க?”

“ஒண்ணுமே இல்லாம வெறுங்கையோட அனுப்ப மனசு வரலைங்க.”

“அப்பொ அந்த மருந்து உங்க மனசுக்குங்களா?” என்றேன். அந்த ஆள் அழுதுவிட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வாரா வாரம் அவள் மலை ஏறி இறங்கி வந்து நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு போனதுதான் கண் முன்னால் நின்றது.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு, நானும் அவருமாகக் கண்ணாயியைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மலைப்பாதை முழுக்க அவள் பஸ் ஜன்னலில் தலை வைத்து வாந்தி எடுத்தாள். நடுவில், “பறிப்பு நேரத்துல ஒங்களுக்கும் வேல கெட்டுப் போச்சுங்களே” என்று என்னிடம் வருத்தப்பட்டாள். காலேஜிலிருந்து கவிப்பிரியா ஓடி வந்தாள்.

அங்கே ஒரு டாக்டரம்மா தொட்ட உடனே முகம் மாறி, அன்றே எல்லாம் பார்த்தார்கள். புற்று வயிறு பூராவும் பரவிவிட்டது. நீர் கோத்திருக்கிறது. இரண்டு மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு பேச்சாக இருந்திருக்கும் என்று அந்த அம்மா சொன்னபோது, கவிப்பிரியா என்னைப் பார்த்தாள்.

திரும்பி வந்த அன்று கிளினிக்கில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் சொன்னேன். மீசையில் கிரீம் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே சொல்கிறார்: “பாவம். ஆனா அது பிரவீன் பாத்த கேஸ், செல்வி. என் பேரு இதுல வரக் கூடாது.” பிறகு என் கையிலும் ஒரு துண்டு கேக்கை வைத்தார். வாசல் வரை வந்து சாக்கடையில் போட்டேன்.

இவரைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது. மன்னிக்கச் சொல்லி எழுதாதீர்கள்.

செல்வமேரி


திருச்சி
10.1.2024

அன்புள்ள செல்விக்கு,

புத்தாண்டு ஆசீர். இங்கே நலம்.

சமையலறையிலிருந்து என்னைத் தையல் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை, எளிது. குளிருக்கு உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டியிருப்பதால் என் அங்கியையே இடுப்பில் தளர்த்தித் தைத்துக்கொண்டேன். பெரியவர் உருண்டையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கெடுதல் ஒன்றும் இல்லை.

தவக்காலம் அருகில் வருகிறது. ஈஸ்டர் வரை என்னைப் பார்க்க வர வேண்டாம்.

லூர்துமேரி


ஏற்காடு
16.1.2024

அக்கா,

திருச்சியில் ஏது குளிர்? ஏற்காட்டில் பிறந்தவளிடம் திருச்சிக் குளிரைப் பற்றி எழுதுகிறாய்.

நீ மடத்துக்குள் போன அன்று, இனிமேல் அக்காவை நீங்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள். இன்றைக்கு என்னால் முடியாது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். வயிறு மந்தம். வலது பக்கமா, நடுவிலா. நின்ற பிறகு மறுபடி பட்டதா. இப்போது இடுப்பு. கண்ணாயியைப் பற்றி நீ அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க உனக்குப் பயம்.

மடத்து அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த சகோதரி, “ஆண்டவர் அருளால நல்லா இருக்காங்க” என்றார். ‘கெடுதல் ஒன்றும் இல்லை’ என்கிற அந்த டாக்டரின் வாக்கியத்தை நீயும் எழுதுகிறாய். எனக்கு அந்த மீசையும் கிரீமும்தான் ஞாபகம் வருகிறது.

கிளினிக் வேலையை விட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வருகிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் பொய் சொல்லாதே.

செல்வி


திருச்சி
24.1.2024

என் செல்விக்கு,

நீ வந்தாய். நான் பொய்தான் சொன்னேன்.

கம்பிக்குள் கையை விட்டு என் வயிற்றைத் தொட வந்தாய். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். “அக்கா, உன் காலுல விழறேன்” என்று நீ சொன்னதை வாசலில் இருந்த சகோதரியும் கேட்டாள். நீ போன பிறகும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வயிற்றில் கட்டி ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. கையில் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக இந்த உடம்பை யாரும் பார்த்ததில்லை. ஒருவர் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்று நினைத்தாலே கூசியது. பெரியவர் தொடவில்லை, பார்க்கவில்லை, கேட்டார், ஒரு குப்பியைக் கம்பி வழியாக நீட்டினார். எனக்கு அது வசதியாக இருந்தது. வேதனையை ஒப்புக்கொடுக்கிறேன் என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

பிறகு உன் கண்ணாயி வந்தாள். அவள் வயிற்றை வைத்து என் வயிற்றைத் தெரிந்துகொள்ளப் பார்த்தேன். அவள் பிழைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கெஞ்சி மன்றாடினேன். அவளுக்காக இல்லை, செல்வி. அவள் பிழைத்தால் நானும் பிழைப்பேன் என்பதற்காக. ஸ்கேனில் வந்ததை நீ எழுதியதும் அவளுக்காக மன்றாடுவதையே நிறுத்திவிட்டேன். உன் டாக்டரைப் பார்த்து உனக்கு வருகிற குமட்டல் எனக்கு என்னைப் பார்த்தே வருகிறது.

இன்று காலை எங்கள் மடத்துத் தலைவி மதரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். “இத எங்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்ல வெச்சிருந்தீங்கம்மா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கொடுத்துவிட்டார். கூட இருக்க நீ வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

வா. இந்த முறை தள்ளிப் போக மாட்டேன்.

அக்கா


ஏற்காடு
14.4.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அக்காவுக்கு, உங்களை மறுபடி மடத்தில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து கையில் வேலை ஓடவில்லை. தையல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றதா? கடைசி மருந்து ஏற்றிய பிறகு வாந்தி எத்தனை நாள் இருந்தது? வாய்ப்புண் ஆறியதா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கட்டி வெடிக்காமல் முழுசாக வந்துவிட்டது என்று அந்த டாக்டர் சொன்னதை அப்பாவிடம் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்கிறார்.

கண்ணாயி தவக்காலத்தின் கடைசி வாரத்தில் போய்விட்டாள். உங்களுக்கு உடம்பு தேறட்டும் என்று இதுவரை சொல்லவில்லை.

நடுவில் நான் ஊருக்கு வந்திருந்த வாரம் அது; சாவுக்குத் தலைச்சோலைக்குப் போயிருந்தேன். டாக்டர் ஜோஸ்வா காரில் வந்து இறங்கினார். மாலை போட்டார். முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ரகசியம் போல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அந்தப் பையன் மருந்து கொடுத்துக் கெடுத்துட்டான். நான் அப்பவே ஸ்கேன் எடுக்கச் சொன்னனுங்க.”

“யாருகிட்டங்க சொன்னீங்க?” என்றேன்.

திரும்பினார். “செல்வி, சாவு ஊட்டுல வந்து…”

“யாருகிட்டங்க சொன்னீங்க? ஒங்க மேசைக்கு முன்னால நின்னு, அந்தம்மா வவுறு கல்லாட்டம் இருக்குதுங்கன்னு நாந்தானுங்க சொன்னேன். நீங்க எந்திரிக்கக்கூட இல்லைங்களே. அப்புறம் மூணு தடவ அந்தப் பையன் சொன்னான். நீங்க தொட்டே பாக்காத ஒடம்புக்கு இப்ப மால போட மட்டும் கை வந்துருச்சுங்களா?”

கவிப்பிரியா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து அந்த மாலையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். “கொண்டுட்டுப் போயிருங்க” என்றாள். போய்விட்டார்.

இதோடு அவர் தலை குனிந்தார் என்று நினைக்காதீர்கள். அடுத்த திங்கட்கிழமையே அதே ஜனங்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? பிரவீனை நிறுத்தியாயிற்று. பழைய பலகையைக் கழற்றிவிட்டு, பின்னறையில் இப்போது ரிசார்ட் விருந்தாளிகளுக்கு மூலிகை எண்ணெய் மசாஜ். அந்த வாசனை வருகிற ஜன்னலைத் தாண்டாமல் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறேன்.

கவிப்பிரியா மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறாள். நான் சாட்சி. பிரவீனும் வருகிறேன் என்றிருக்கிறார். “நானும் கொடுத்தேன்னு சொல்லித்தானுங்க ஆகணும்” என்றார். அது தன் தொழிலையும் பதம் பார்க்கும் என்று தெரிந்துதான் சொல்கிறார். அப்பாவுக்கு என்மேல் கோபம். “கோயில்ல அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?” என்கிறார். முழிக்க வேண்டாம் என்றேன்.

கடைசியாக ஒன்று. கவிப்பிரியா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அம்மாவுக்காக மன்றாடிய சிஸ்டரை ஒரு முறை பார்த்துவிட்டு வர வேண்டுமாம். நீங்கள் எனக்கு எழுதியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

உங்கள்,
செல்வமேரி


திருச்சி
9.6.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள செல்விக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். தையல் ஆறிவிட்டது. வாந்தி நின்றுவிட்டது. விரல் நுனிகள் மரத்துப் போயிருக்கின்றன, ஊசி பிடிக்க முடியவில்லை. முக்காட்டுக்குள் தலை மொட்டை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனை இந்த முறை நன்றாக வந்திருக்கிறது, அடுத்தது எப்படி வரும் என்று தெரியாது. மதர் ஒரு லேடி டாக்டரை வரவழைத்து எல்லாச் சகோதரிகளையும் பார்க்கச் சொன்னார். கூச்சப்பட்டவர்களிடம் நான் போய்ப் பேசினேன். பெரியவர் வந்தபோது குப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பாவம், என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டார். அவரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன்.

கவிப்பிரியா போன வாரம் வந்தாள். அவள் வயசில் நீ இருந்த மாதிரியே ஒல்லி. பஸ்ஸில் வந்த களைப்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“எங்கம்மா உங்களப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க. திருச்சில ஒரு சிஸ்டர் எனக்காகச் செபம் பண்றாங்கன்னு ஆஸ்பத்திரில பக்கத்துப் படுக்கைக்காரங்ககிட்டெல்லாம் சொன்னாங்க. அதுதானுங்க, ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பெண் நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனால் பேசாமல் இருந்து நான் செய்தது போதும் என்று தோன்றியது.

“கண்ணு, ஒங்கம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துச்சு. எனக்குப் பயம். அவுங்க பொழைக்கணும்னு நான் கேட்டதெல்லாம் எனக்காகத்தான். அவுங்களுக்கு முத்திப்போச்சுன்னு தெரிஞ்சதும் கேக்கறதையே நிறுத்திட்டேன்” என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு முக்காட்டைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஆப்பரேசன் பண்ணிட்டாங்களா?”

“பண்ணிட்டாங்க.”

“சாப்பிட முடியுதுங்களா?”

“முடியுது, கண்ணு.”

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அப்பொ எங்கம்மாவுக்காக யாருங்க கேட்டா?”



அப்பாவைப் பார்த்துக்கொள். கவுன்சிலுக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்.

அக்கா